இருபத்தொன்பது இலக்கங்களில் மானிடப் பிறவி



ஜேஷ்ட மாதத்துச் சுக்ல பஞ்சமியைச் சுருத பஞ்சமி எனப் போற்றி வருகிறோம். தரசேனாசாரியரிடம் பயின்ற புஷ்பதந்தர், பூதபலி ஆகிய இரு முனிவர்களால் ஷட்கண்டாகமம் நூல்வடிவம் பெற்று நிறைவெய்திய நன்னாள் அது. அன்று சாஸ்திரங்களைப் பீடத்தில் வைத்து மாலையிட்டு ஆரத்தி எடுக்கிறோம். பின்னர்ப் பட்டுத்துணியில் சுற்றி மீண்டும் பெட்டியில் வைத்து விடுகிறோம். பிரித்துப் படிப்போர் நம்முள் சிலரே. இவ்வாண்டு ஒரு நூலையேனும் பிரிப்போம். அதிலும் ஒரேயோர் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணைப் பற்றி அறவுரையா என்று வியப்போர், நம் ஆகமங்களில் கரணானுயோகம் என்றொரு பகுதி முழுவதும் அளவையும் எண்ணையும் பற்றியது என்பதை நினைவில் கொள்வாராக.

அவ்வெண் இது: 79,22,81,62,51,42,64,33,75,93,54,39,50,336.

இருபத்தொன்பது இலக்கங்கள் கொண்டது. ஆகாரம், சரீரம், இந்திரியம், சுவாசோச்சுவாசம், பாஷை, மனம் என்னும் ஆறு நிறைவுகளையும் எய்திய பரியாப்த மனிதர்களின் தொகை என்று இதனை நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் தம் கோம்மடசாரத்து ஜீவகாண்டத்தில் அருளியுள்ளார். பத்தாம் நூற்றாண்டில், கங்க மன்னரின் அமைச்சரும் சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவை நிறுவியவருமான சாவுண்டராயரின் பொருட்டு இயற்றப்பட்ட நூல் அது. இந்நூலை யாரோ எங்கோ எழுதியதென்று கொங்கு நாட்டில் வாழும் நாம் எண்ண வேண்டா. பெருந்துறைக்கு அருகே விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு, சாமுண்டராசர் தங்கை புள்ளப்பை அங்கே நோன்பிருந்து உயிர்நீத்ததைக் குறிக்கிறது. அச்சாமுண்டராசர் இச்சாவுண்டராயரே என்பர் அறிஞர். தமையன் கேட்க எழுந்த நூலில் மனிதர் அனைவரின் தொகை; தங்கை நினைவாக நம் ஊர்க் கல்லில் ஒருத்தியின் பெயர். கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு செல்லும்போது அவ்வூரைக் கடந்துதான் செல்கிறோம். இறங்கிப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர் என்பது வேறு பேச்சு.

இனி அவ்வெண் பிறக்கும் முறையைக் காண்போம். இரண்டினை எடுத்துக்கொள்க. இரண்டை இரண்டால் பெருக்க 4. இது முதல் வர்க்கம். நான்கை நான்கால் பெருக்க 16, இரண்டாம் வர்க்கம். அடுத்தது 256. அதற்கடுத்தது 65,536. இதனைப் பிராகிருதத்தில் பண்ணட்டி, அதாவது அறுபத்தைந்து, என்று தொடக்க இலக்கங்களாலேயே செல்லப்பெயரிட்டு அழைத்தனர். ஐந்தாம் வர்க்கம் 4,29,49,67,296. தொடக்கம் நாற்பத்திரண்டு ஆதலின் இதன் பெயர் பாதாலம். ஆறாம் வர்க்கம் 1,84,46,74,40,73,70,95,51,616. ஒன்று, எட்டு எனத் தொடங்குவதால் ஏகட்டி. சதுரங்கப் பலகையின் அறுபத்து நான்கு கட்டங்களில் நெல்மணிகளை இரட்டித்து வைத்த கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்நெல்மணிகளின் மொத்தத் தொகையோடு ஒன்றைக் கூட்டினால் வருவது இந்த ஏகட்டியே. ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கினால் நம் இருபத்தொன்பது இலக்க எண் கிடைக்கும். பாதாலத்தைக் கனம் செய்தாலும், அதாவது மும்முறை வைத்துப் பெருக்கினாலும், அதுவே கிடைக்கும். இரு வழியும் ஓரிடத்திற்கே வந்து சேர்வது ஏன் என்று கேட்கும் பிள்ளையே கணக்குப் படிக்கத் தகுந்த பிள்ளை.

விடை அர்த்தச்சேதம் என்னும் கருத்தில் உள்ளது. ஓர் எண்ணைப் பாதியாக்கிக்கொண்டே போனால் எத்தனை முறையில் ஒன்று எஞ்சுகிறதோ அதுவே அவ்வெண்ணின் அர்த்தச்சேதம். நான்கிற்கு இரண்டு, பதினாறுக்கு நான்கு, பண்ணட்டிக்குப் பதினாறு, பாதாலத்திற்கு முப்பத்திரண்டு, ஏகட்டிக்கு அறுபத்து நான்கு. இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும். முப்பத்திரண்டும் அறுபத்து நான்கும் சேர்ந்தால் தொண்ணூற்றாறு. மூன்று முப்பத்திரண்டுகளும் தொண்ணூற்றாறே. ஆகவே நம் எண்ணைத் தொண்ணூற்றாறு முறை பாதியாக்கலாம். ஒரு முறையும் மீதி வாராது. சுவேதாம்பர மரபினர் போற்றும் அனுயோகத்துவார சூத்திரமும் இதே தொகையைத் தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண் என்றே குறிக்கிறது. கூட்டலைக் கொண்டு பெருக்கலைச் செய்யும் இவ்வுபாயத்தை ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த வீரசேனாசாரியர், ஷட்கண்டாகமத்துக்குத் தாம் வரைந்த தவளா உரையில் தாராளமாகக் கையாண்டுள்ளார். மேனாட்டில் ஜான் நேப்பியர் மடக்கைப் பட்டியலை வெளியிட்ட ஆண்டு 1614. அவர் வகுத்தது எல்லா எண்களுக்கும் உரிய பட்டியல். ஆசாரியர் கையாண்டது பாதியாக்கலின் எண்ணிக்கை. இரண்டும் ஒன்றே என்று மேடையில் முழங்குவோரோடு நமக்கு உடன்பாடில்லை. வேர் ஒன்றென்று சொல்லலாம். அதுவே போதிய பெருமை.

இவ்வெண்ணுக்கு வேறு பண்புகளும் உண்டு. இரண்டைத் தவிர வேறெந்தப் பகா எண்ணும் இதனை வகுக்காது. மூன்றால் வகுத்தாலும் மீதி, ஐந்தால் வகுத்தாலும் மீதி, ஏழால் வகுத்தாலும் மீதி. ஒன்றே ஒன்றைக் குறைத்துவிட்டாலோ 3, 5, 7, 9, 13, 17 ஆகிய அனைத்தாலும் மீதியின்றி வகுபடும். அந்த ஒன்று குறைந்த எண்ணைக் கோவையில் மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகள் அறிவர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் டாட் நெட் அமைப்பில் டெசிமல் என்னும் எண்வகை கொள்ளக்கூடிய உச்ச அளவு 79,22,81,62,51,42,64,33,75,93,54,39,50,335. தொண்ணூற்றாறு இருநிலைக் கட்டங்களில் அவர்கள் எண்ணைச் சேமிப்பதால் அவ்வெல்லை வந்தது. இதைக் கண்டவுடன் நம் ஆசாரியர் கணினியை முன்பே கண்டனர் என்று எழுதத் தொடங்கிவிடாதீர். இரண்டைத் தொண்ணூற்றாறு முறை பெருக்குவோர் எவராயினும், எக்காலத்தவராயினும், இவ்விடத்துக்கே வந்து நிற்பர்.

ஏட்டில் எழுதிப் படியெடுத்த காலத்தில் இருபத்தொன்பது இலக்கங்களைப் பிழையின்றிக் காப்பது எளிதன்று. ஆதலின் நேமிசந்திரர் இலக்கங்களை எழுத்துகளாக்கி ஒரு காதையில் கோத்து வைத்தார். ககரம் முதல் ஒன்பது எழுத்துகள் ஒன்று முதல் ஒன்பது. டகரம் முதல் அவ்வாறே. பகரம் முதல் ஐந்து. யகரம் முதல் எட்டு. காதையின் முதலெழுத்து ஒன்றாம் இடத்தைக் குறிக்கும். வலமிருந்து இடமாக எண்ணை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். முதலில் தகரம், அது 6. அடுத்து லகரம் இருமுறை, 3, 3. பின் நகரம், சுழி. இவ்வாறு சகரம் 7 என முடிகிறது. இதில் தமிழராகிய நமக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் தகரம் ஒன்றே வடமொழியின் நான்கு தகரங்களுக்கும் நிற்பதால், தமிழ் எழுத்தில் எழுதினால் அது ஆறா, ஏழா, எட்டா, ஒன்பதா என்று தெரியாது. ககரத்திற்கும் இதே நிலை. நம் முன்னோர் சுவடிகளில் கிரந்த எழுத்தை விடாது பேணியதற்கு இத்தகைய இடங்களும் காரணமாகும். இன்று கிரந்தம் படிக்கத் தெரிந்த இளைஞர் அரியர்.

எண் சரியாகப் படியெடுக்கப்பட்டதா என்று சோதிக்க நம் வகுப்பறை முறைகளே போதும். இலக்கங்களைக் கூட்டினால் 127. அவற்றைக் கூட்ட 10. மீண்டும் கூட்ட 1. பாதாலத்தின் இலக்கங்கள் இவ்வாறே கூட்ட 4 ஆகும். ஏகட்டி 7 ஆகும். நான்கேழ் இருபத்தெட்டு; இரண்டும் எட்டும் பத்து; ஒன்று. பொருந்துகிறது. ஆனால் 43 என்பதை 34 என்று இடம் மாற்றி எழுதியிருந்தால் இச்சோதனை அதைக் காட்டாது. படியெடுப்போர் பெரும்பாலும் செய்யும் பிழையோ அதுவே. அதற்குப் பதினொன்றின் சோதனை வேண்டும். வலக்கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் ஒருபுறம் 79, மறுபுறம் 48, வேறுபாடு 31, இருபத்திரண்டைக் கழிக்க 9. இரண்டைப் பத்துமுறை பெருக்கிய 1,024-ஐப் பதினொன்றால் வகுத்தால் மீதி 1. எனவே தொண்ணூற்றாறில் தொண்ணூறு கழிந்து ஆறு நிற்கும்; இரண்டை ஆறு முறை பெருக்கிய 64-ஐப் பதினொன்றால் வகுக்க மீதி 9. இதுவும் பொருந்துகிறது.

இதுவரை கூறியவற்றில் எவருக்கும் மாறுபாடு இராது. இனிக் கூறப்போவதே நம் இல்லங்களில் முகம் சுளிக்க வைக்கும் கேள்வி. உலக மக்கள் தொகை 2022-இல் 800 கோடியைத் தொட்டதென ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. சாஸ்திரத் தொகையோ அதைப்போல் ஏறத்தாழ 99,000 கோடி கோடி மடங்கு. இதை எப்படி நம்புவது என்று படித்த மகன் கேட்கிறான். தந்தை ஒன்று சினந்து, சாஸ்திரத்தைக் கேள்வி கேட்காதே என்கிறார். அல்லது நாணி, அதெல்லாம் பழங்கதை என்று பேச்சை மாற்றுகிறார். இரண்டும் ஆசாரியர் வழியன்று. ஆசாரியர் வழி எது என்பதற்குத் தவளா உரையே சான்று.

ஷட்கண்டாகமத்துச் சூத்திரம் பரியாப்த மனிதர் தொகைக்கு இரண்டு எல்லைகளைத் தருகிறது. கோடியை மும்முறை வைத்துப் பெருக்கியதற்கு மேல். கோடியை நான்கு முறை வைத்துப் பெருக்கியதற்குக் கீழ். இரண்டாம் எல்லையை எழுதினால் ஒன்றும் இருபத்தெட்டுச் சுழிகளும். மொத்தம் இருபத்தொன்பது இலக்கங்கள். நம் எண்ணும் இருபத்தொன்பது இலக்கங்களே. ஆனால் ஏழில் தொடங்குகிறது. ஆகவே எல்லையைத் தாண்டிவிட்டது. சில ஆசாரியர் ஐந்தாம் ஆறாம் வர்க்கங்களின் பெருக்கற்பலனே மனிதத் தொகை என்பர் என வீரசேனர் எடுத்துக்காட்டி, அதனை ஏற்காது மறுக்கிறார். எவ்வாறு மறுக்கிறார்? மனிதர் வாழும் நிலப்பரப்பைக் கணக்கிட்டு, அத்தனை பேர் அதில் அடங்கார் என்று காட்டுகிறார். 1942-இல் வெளிவந்த தவளா நான்காம் தொகுதியில், லக்னோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் இவ்விடத்தை எடுத்து விளக்கியுள்ளார்.

நாமும் நம் அளவில் போட்டுப் பார்க்கலாம். இரண்டரைத் தீவின் விட்டம் 45 லட்சம் யோசனை. பத்தின் வர்க்க மூலத்தால் பெருக்கச் சுற்றளவு 1,42,30,249 யோசனை. விட்டத்தின் கால்பங்கால் பெருக்கப் பரப்பு 16,00,903 கோடியே 1,25,000 சதுர யோசனை. சிறு யோசனை 32,000 முழம்; பெரு யோசனை அதன் 500 மடங்கு, அதாவது ஒரு கோடியே அறுபது லட்சம் முழம். இந்தப் பெரு யோசனையையே கொண்டு, கடலையும் மலையையும் விடாது சேர்த்துப் பங்கிட்டாலும், ஒரு சதுர முழத்திற்குப் பத்தொன்பது பேர் வருவர். விதேக நாட்டு மக்களின் உடலோ ஐந்நூறு வில் உயரம் என்பது சாஸ்திரம். சதுர முழத்தில் பத்தொன்பது பேர் எங்கே நிற்பர்? சூத்திரத்தின் மேலெல்லையை வைத்துப் பார்த்தாலும் சதுர முழத்திற்கு இரண்டரைப் பேர் அளவில் நெருக்கம்தான். ஆனால் சூத்திரம் அதற்குக் கீழ் என்று மட்டுமே கூறுகிறது. கீழெல்லையை வைத்தாலோ ஒருவருக்கு நாற்பது லட்சம் சதுர முழத்துக்கு மேல் கிடைக்கும், தாராளமாக அடங்குவர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீரசேனர் மறுத்து ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் நேமிசந்திரர் அதே இருபத்தொன்பது இலக்க எண்ணை அருளினார். இரு நூல்களையும் நம் முன்னோர் படியெடுத்துப் பாதுகாத்தனர். ஒன்றுக்காக மற்றொன்றை எரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. முனிவர் தொகையிலும் இவ்வாறே. மூன்று குறைந்த ஒன்பது கோடி, அதாவது 8,99,99,997, என்பது தென்மரபு. 6,99,99,996 என்பது வடமரபு. இரண்டையும் வீரசேனர் மறைக்காமல் எடுத்துரைக்கிறார். இன்றைய பூகோளப் படத்தையும் இரண்டரைத் தீவையும் ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டுத் தைக்கச் சிலர் முயல்கின்றனர்; தையல் நிற்பதில்லை. அது நம் வேலையும் அன்று. மகன் கேட்கும் கேள்வியை ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே ஒரு நிர்க்கிரந்த முனிவர், பரப்பளவும் பெருக்கலும் கொண்டு கேட்டிருக்கிறார் என்பதைத் தந்தை அறிந்திருந்தால், சினமும் வாராது; நாணமும் வாராது. மகனும் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அருகில் அமர்வான்.

அப்படியாயின் அவ்வெண் தள்ளத்தக்கதா என்று கேட்பீர்கள். தொகை எதுவாயினும், இரு ஆசாரியரும் உடன்படும் இடம் ஒன்று உண்டு. நான்கு கதிகளிலும் உள்ள உயிர்களைச் சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என்று மூன்றாகப் பகுத்து அளப்பது நம் மரபு. எண்ணி முடிக்கத்தக்கது, எண்ணுக்கு அப்பாற்பட்டது, முடிவற்றது. நரகர் அசங்கியாதர். தேவர் அசங்கியாதர். விலங்கும் மரமும் நிகோதமும் அடங்கிய திரியக்கு கதியில் உயிர்கள் அனந்தம். பரியாப்த மனிதர் மட்டுமே சங்கியாதம். அதாவது, ஒரு தாளில் ஒரே வரியில் எழுதி முடிக்கக் கூடியவர்கள் நாம் மட்டுமே. இருபத்தொன்பது இலக்கம் என்றதும் எத்துணைப் பெரிது என்று மலைக்கிறோம். ஆசாரியர் அதைச் சொன்னதோ எத்துணைச் சிறிது என்று காட்டுவதற்கு. முடிவற்றதன் அருகே வைத்தால் கோடி கோடியும் ஒன்றும் ஒரே அளவினவே. அந்தச் சிறுதொகையுள் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அது எத்தனை பிறவிக்கு ஒருமுறை கிடைப்பது என்று எவர் கணக்கிட்டார்?

கோம்மடசாரத்தில் இவ்வெண்ணை அடுத்து வரும் காதையையும் குறிப்பிடாமல் விட மனம் இல்லை. பரியாப்த மனிதருள் நான்கில் மூன்று பங்கினர் மகளிர் என்கிறது அது. நம் எண் இரண்டின் பெருக்கமாதலின் நான்காகப் பங்கிட மீதி எழாது. மூன்று பங்கு 59,42,11,21,88,56,98,25,31,95,15,79,62,752 ஆகும். இப்படிச் சொல்லும் நூலைப் பூசிக்கும் நம்மிடையே, சுவாத்தியாயம் நடக்கும் கூடத்தில் பெண்களைப் பிரசாதம் செய்ய அனுப்பிவிட்டு ஆண்கள் மட்டும் அமர்ந்து கேட்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. பெண்களுக்குக் கணக்கு வாராது என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கின்றனர். நான்கில் மூன்று பங்கினரைச் சமையலறையில் நிறுத்திவிட்டுக் கேட்கப்படும் சாஸ்திரத்தில் என்ன பயன் விளையும் என்பதை அவர்களே கூறட்டும்.

வரும் சுருத பஞ்சமியன்று பிள்ளைகளைக் கூட்டி ஆளுக்கொரு தாள் கொடுத்து, இரண்டில் தொடங்கி ஆறு வர்க்கங்களையும் கையாலேயே பெருக்கச் செய்யுங்கள்; கருவி வேண்டா. ஏகட்டியைக் கையால் பெருக்கச் சிறுவருக்கு அரைமணி நேரம் பிடிக்கும், பிழை வரும், ஒன்பதாலும் பதினொன்றாலும் சோதித்துத் தாமே கண்டுபிடித்துத் திருத்தட்டும். பெரியவர்கள் அதற்குள் பரணில் கிடக்கும் சுவடிக்கட்டுகளை இறக்கித் தூசி தட்டலாம். வந்தவாசி, திண்டிவனம் பக்கத்திலிருந்து கோவைக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றில் பாட்டனார் காலத்து ஏடுகள் இன்னும் இருக்கக் கூடும். பிரிக்கத் தெரியாவிட்டால் பிரிக்க வேண்டா, ஒடிந்துவிடும். படிக்க வல்லாரிடம் காட்டுங்கள். மேல்சித்தாமூர் மடத்தில் கேட்டால் வழி சொல்வர். கோம்மடசாரம் கிரந்த எழுத்தில் அகப்பட்டால், அந்தக் காதையின் இருபத்தொன்பது எழுத்துகளையும் ஒரு தாளில் படியெடுத்து வலமிருந்து இடமாக இலக்கமாக்கி, பிள்ளைகள் பெருக்கி வைத்த விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.